குலத்தின் மேல் சராசரி எடுப்போம்: உருவகிப்புக் கோட்பாட்டில் முதல் அடிகள்

குலக் கோட்பாட்டையும் நேரியல் இயற்கணிதத்தையும் தனித்தனித் தாள்களாகப் படித்து முடித்தவர்களுக்கு, அந்த இரண்டும் கைகோக்கும் இடம் உருவகிப்புக் கோட்பாடு. வகுப்பில் ரெப்ரசன்டேஷன் தியரி என்பார்கள். பாடம் தொடங்கிய சில வாரங்களிலேயே மாஷ்கே தேற்றம், ஷூர் துணைத்தேற்றம், செங்குத்துத் தொடர்புகள், கேரக்டர் அட்டவணை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும். ஒவ்வொன்றையும் தனி நிறுவலாக மனப்பாடம் செய்தால் பாரம்தான் கூடும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே செயல்: குலத்தின் எல்லா உறுப்புகளையும் ஒவ்வொன்றாகச் செயல்பட விட்டு, வந்த விடைகளைக் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுப்பது. அதாவது சராசரி எடுப்பது. 6 உறுப்புகள் மட்டுமே கொண்ட ஒரு குலத்தில் இதைக் கண்ணாரப் பார்த்துவிட்டால், பிறகு வருவதெல்லாம் பெரிய அளவில் அதே கணக்குதான்.

எண்களை விட்டு அணிகளுக்கு

1, 2, 3 என்ற மூன்று பொருட்களை இடம் மாற்றி வைக்க 6 வழிகள். அவை சேர்ந்தது எஸ்3 குலம்: சமனி உறுப்பு, (1 2), (2 3), (1 3) என்ற மூன்று இடமாற்றங்கள், (1 2 3), (1 3 2) என்ற இரண்டு சுழற்சிகள்.

உருவகிப்பு என்பது குலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் நேர்மாறு உள்ள ஒரு சதுர அணியைக் கொடுப்பது. நிபந்தனை ஒன்றே ஒன்று: உறுப்புகளை முதலில் பெருக்கி அதற்கான அணியை எடுத்தாலும், அணிகளை எடுத்துப் பெருக்கினாலும் ஒரே விடை வர வேண்டும். அ என்ற உறுப்புக்கான அணியை உ(அ) என்று எழுதினால், உ(அஆ) = உ(அ) உ(ஆ). அணியின் அளவுதான் உருவகிப்பின் பரிமாணம். அணிகள் எந்த வெளியில் செயல்படுகின்றனவோ அந்தத் திசையன் வெளியையே உருவகிப்பு என்று சொல்லும் வழக்கமும் உண்டு.

எஸ்3-க்கு மூன்று உருவகிப்புகள் உடனே கைக்கு வரும். எல்லா உறுப்புக்கும் 1 என்ற எண்ணைக் கொடுப்பது அற்ப உருவகிப்பு. இடமாற்றங்களுக்கு −1, மற்றவற்றுக்கு 1 கொடுப்பது குறி உருவகிப்பு. மூன்றாவது கொஞ்சம் பெரியது: முப்பரிமாண வெளியின் மூன்று அலகுத் திசையன்களை குலம் இடம் மாற்றட்டும். (1 2) முதல் அலகுத் திசையனை இரண்டாவதற்கும் இரண்டாவதை முதலாவதற்கும் அனுப்பும், மூன்றாவதைத் தொடாது. இதை வரிசைமாற்ற உருவகிப்பு என்போம்.

பலர் தடுக்கி விழும் முதல் இடம் இங்கேதான். அலகுத் திசையன்களை நகர்த்துவதற்குப் பதிலாக ஆயங்களை நகர்த்தி, "அ என்ற உறுப்பு ஒரு திசையனை எடுத்து, அதன் அ(1)-ஆம், அ(2)-ஆம், அ(3)-ஆம் ஆயங்களை வரிசையாக எழுதும்" என்று வரையறுத்தால் பெருக்கலின் வரிசை தலைகீழாகிவிடும். வலமிருந்து இடமாகப் படித்தால் (1 2)(2 3) = (1 2 3). மேற்சொன்ன வரையறையில் (1 2)-இன் அணியையும் (2 3)-இன் அணியையும் பெருக்கினால் (1 3 2)-க்கான அணி வந்து நிற்கும். ஆயங்களில் எழுதுவதானால் அ-வின் நேர்மாறைப் பயன்படுத்த வேண்டும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், அதன் ஆசிரியர் வரிசைமாற்றங்களை எந்தத் திசையில் பெருக்குகிறார் என்பதை இந்த ஒரு பெருக்கலால் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உடைப்பது

வரிசைமாற்ற உருவகிப்பில் (1, 1, 1) என்ற திசையனை எந்த உறுப்பாலும் அசைக்க முடியாது. அதன் மடங்குகள் சேர்ந்த கோடு, குலத்தின் செயலில் தனக்குள்ளேயே அடங்கி நிற்கும் ஓர் உள்வெளி. அதேபோல், மூன்று ஆயங்களின் கூட்டல் 0 ஆகும் திசையன்கள் ஒரு தளம் ஆகின்றன. ஆயங்களை எப்படி மாற்றி வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதால் அந்தத் தளமும் தனக்குள் அடங்கியது. இப்படிப்பட்டவற்றை மாறா உள்வெளிகள் என்கிறோம். கோடும் தளமும் சேர்ந்து முப்பரிமாணத்தை முழுதாக நிரப்புகின்றன. ஆக, 3 பரிமாண உருவகிப்பு 1 + 2 என்று உடைந்துவிட்டது.

தளத்தில் (1, −1, 0), (0, 1, −1) என்ற இரண்டையும் அடுக்களமாக, அதாவது பேசிஸாக, எடுங்கள். (1 2) முதல் திசையனை (−1, 1, 0) ஆக்குகிறது, அதாவது அதன் −1 மடங்கு. இரண்டாவது (1, 0, −1) ஆகிறது. இது இரண்டின் கூட்டல். எனவே அணியின் முதல் நிரல் (−1, 0), இரண்டாம் நிரல் (1, 1). மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் 0. (1 2 3) முதல் திசையனை இரண்டாவதாக்கும். இரண்டாவதை (−1, 0, 1) ஆக்கும், அது இரண்டின் கூட்டலுக்கு எதிர்க்குறி. நிரல்கள் (0, 1), (−1, −1). மூலைவிட்டக் கூட்டல் −1. இந்த 0, −1 இரண்டையும் நினைவில் வையுங்கள்.

இந்தத் தளம் மேலும் உடையுமா? உடைந்தால் உள்ளே ஒரு மாறாக் கோடு இருக்க வேண்டும். அந்தக் கோடு (1 2)-இன் ஐகன் திசையனாக இருந்தாக வேண்டும். தளத்தில் அதற்கு இரண்டே வாய்ப்பு: (1, −1, 0) அல்லது (1, 1, −2). இவற்றின் மேல் (2 3)-ஐச் செலுத்தினால் (1, 0, −1), (1, −2, 1) கிடைக்கின்றன. இரண்டுமே பழைய கோட்டை விட்டு வெளியேறிவிட்டன. ஆகவே தளம் உடையாது. இப்படி, 0-வையும் முழு வெளியையும் தவிர வேறு மாறா உள்வெளி இல்லாததைப் பகா உருவகிப்பு என்று சொல்லலாம். பகா எண்களோடு உள்ள ஒப்புமை பெயரளவில் மட்டுமல்ல. கலப்பெண்கள் மீது ஒரு முடிவுறு குலத்தின் ஒவ்வொரு முடிவுறு பரிமாண உருவகிப்பும் பகா உருவகிப்புகளாக உடைகிறது. எந்தப் பகா உருவகிப்பு எத்தனை முறை வரும் என்பதில் மாற்றமே இல்லை.

சராசரி முதன்முதலாக வரும் இடம்

ஒரு மாறா உள்வெளி கிடைத்தால், மீதியை நிரப்ப இன்னொரு மாறா உள்வெளி எப்போதும் கிடைக்குமா? கிடைக்கும் என்பதே ஹைன்ரிஷ் மாஷ்கேயின் தேற்றம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வந்தது. நிறுவலை நம் எடுத்துக்காட்டிலேயே செய்து பார்க்கலாம்.

(1, 1, 1) கோட்டின் மேல் ஏதாவது ஒரு வீழலை, அதாவது எல்லாத் திசையன்களையும் அந்தக் கோட்டுக்குள் கொண்டுவந்து, கோட்டில் உள்ளவற்றை அப்படியே விடும் நேரியல் செயலை, எடுங்கள். வேண்டுமென்றே ஒரு மோசமான வீழலையே எடுப்போம்: ஒரு திசையனின் முதல் ஆயத்தை மட்டும் பார்த்து, அதையே மூன்று இடத்திலும் எழுதுவது. (5, 2, 8) என்பது (5, 5, 5) ஆகும். இந்த வீழல் 0 ஆக்குவது முதல் ஆயம் 0 ஆன திசையன்களை. அந்தத் தளம் மாறா உள்வெளி அல்ல, ஏனென்றால் (1 2) அதைக் கலைத்துவிடும். இப்போது குலத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கொண்டு இந்த வீழலைச் சுற்றி வாருங்கள்: நேர்மாறைச் செலுத்து, வீழ்த்து, உறுப்பைச் செலுத்து. கிடைக்கும் 6 வீழல்களில் இரண்டு முதல் ஆயத்தையும், இரண்டு இரண்டாம் ஆயத்தையும், இரண்டு மூன்றாம் ஆயத்தையும் பார்க்கும். எல்லாவற்றையும் கூட்டி 6-ஆல் வகுத்தால், (5, 2, 8) என்பது மூன்று ஆயங்களின் சராசரியான (5, 5, 5) ஆகும். முதல் ஆயமும் அதே 5 என்பதால் பழைய விடையே வந்ததுபோல் தோன்றுகிறது. எண்கள் தற்செயலாக ஒத்துப்போனால் எடுத்துக்காட்டு ஏமாற்றும். (5, 2, 2)-ஐ எடுங்கள். பழைய வீழல் (5, 5, 5) தரும், சராசரி வீழல் (3, 3, 3) தரும். புதிய வீழல் 0 ஆக்குவது எதை? ஆயங்களின் கூட்டல் 0 ஆனவற்றை. நாம் தேடிய மாறாத் தளமே வந்துவிட்டது.

பொது நிறுவலும் இதேதான். மாறா உள்வெளியின் மேல் எந்த வீழலை எடுத்தாலும், சராசரி எடுத்த பிறகும் அது அதே உள்வெளியின் மேல் வீழலாகவே இருக்கும். அத்துடன் குலத்தின் எல்லா உறுப்போடும் பரிமாறும், அதாவது எதை முதலில் செலுத்தினாலும் விடை ஒன்றே, ஏனெனில் ஓர் உறுப்பால் பெருக்கினால் கூட்டலில் உள்ளவை இடம் மாறுமே தவிர மொத்தம் மாறாது. குலத்தோடு பரிமாறும் வீழல் எதை 0 ஆக்குகிறதோ அது மாறா உள்வெளி.

இந்த நிறுவலில் ஆபத்தான படி, வகுத்தல். 3 உறுப்புகள் கொண்ட களத்தில் 3 = 0, எனவே 6 = 0; வகுக்க வழியில்லை. வெறும் நிறுவல் மட்டும் உடைவதில்லை, தேற்றமே பொய்யாகிறது. அங்கே (1, 1, 1)-இன் ஆயங்களின் கூட்டல் 0, அதாவது கோடு தளத்துக்கு உள்ளேயே போய்ப் படுத்துவிடுகிறது! சற்று முன் பார்த்த (1, 1, −2) என்பதும் அங்கே (1, 1, 1) தான். கோட்டுக்குத் துணையாக வேறு மாறாத் தளம் தேடினாலும் கிடைக்காது. களத்தின் சிறப்பெண் (எத்தனை 1-களைக் கூட்டினால் 0 வருமோ அந்த எண்) குலத்தின் வரிசையை, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கையை, வகுக்கும் இந்த நிலையைப் பின்னர் ரிச்சர்ட் பிரவுயர் தனித் துறையாகவே வளர்த்தார். குலம் முடிவிலியாக இருந்தாலும் இதே சிக்கல். முழு எண்களின் கூட்டல் குலத்தில், ஒவ்வொரு முழு எண்ணுக்கும் நிரல்கள் (1, 0), (அந்த எண், 1) கொண்ட அணியைக் கொடுங்கள். கிடைக்கோடு மாறாதது, அதற்குத் துணையான மாறாக் கோடு கிடையாது. தொடக்கநிலைப் பாடங்கள் "முடிவுறு குலம், கலப்பெண் களம்" என்று திரும்பத் திரும்ப எழுதுவது இந்த வகுத்தலுக்காகவும், அடுத்து வரும் ஷூருக்காகவும்தான்.

ஷூர்

ஐசாய் ஷூரின் துணைத்தேற்றம் இரண்டு வரி. இரண்டு பகா உருவகிப்புகளுக்கு இடையே, குலத்தின் செயலோடு பரிமாறும் நேரியல் கோப்பு (லீனியர் மேப்) ஒன்று இருந்தால், அது 0 அல்லது நேர்மாறு உள்ளது. கலப்பெண்கள் மீது ஒரு பகா உருவகிப்பிலிருந்து அதற்கே போகும் அத்தகைய கோப்பு, சமனி அணியின் ஒரு மடங்கு. முதல் பகுதிக்குக் காரணம்: கோப்பு 0 ஆக்கும் உட்கருவும், அதன் வீச்சும் மாறா உள்வெளிகள், பகா உருவகிப்பில் அவற்றுக்கு 0 அல்லது முழுமை என்ற இரண்டே வாய்ப்பு. இரண்டாம் பகுதிக்கு, கோப்புக்கு ஓர் ஐகன் மதிப்பு இருந்தாக வேண்டும். அந்த மதிப்பின் மடங்கைக் கழித்தால் நேர்மாறு இல்லாத கோப்பு கிடைக்கும். முதல் பகுதிப்படி அது 0.

ஐகன் மதிப்பு கிடைக்கும் என்ற உறுதியைத் தருவது கலப்பெண் களம். மெய்யெண்களில் இது இல்லை. 3 உறுப்புச் சுழல் குலம் தளத்தை 120 பாகை சுழற்றட்டும். மெய்யெண்கள் மீது இது பகா உருவகிப்பு. ஆனால் சுழற்சியே குலத்தோடு பரிமாறும், அது சமனியின் மடங்கு அல்ல. கலப்பெண்களுக்கு வந்தால் இதே தளம் இரண்டு கோடுகளாக உடைந்துவிடும். எபீலியன் குலத்துக்குக் கலப்பெண்கள் மீது எல்லாப் பகா உருவகிப்பும் 1 பரிமாணமே என்பதும் இதிலிருந்து உடனே வரும்: ஒவ்வோர் உறுப்பும் மற்றவற்றோடு பரிமாறுவதால் ஒவ்வோர் அணியும் சமனியின் மடங்கு, அப்போது எந்தக் கோடும் மாறாக் கோடுதான்.

கேரக்டர்: ஓர் அணிக்குப் பதில் ஓர் எண்

அணிகள் அடுக்களத்தைப் பொறுத்து மாறும். மாறாமல் நிற்பது மூலைவிட்டக் கூட்டல், அதாவது சுவடு. ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் அணியின் சுவட்டைக் கொடுக்கும் சார்பே கேரக்டர். இத்தனை பெரிய அணியைச் சுருக்கி ஒரே எண்ணாக்கினால் பெரும்பகுதி தொலைந்துபோகாதா என்ற ஐயம் எழுவது நியாயம். ஒரு தனி உறுப்பின் சுவடு மட்டும் என்றால் தொலையும். எல்லா உறுப்புகளின் சுவடுகளும் சேர்ந்தால் தொலைவதில்லை: கலப்பெண்கள் மீது இரண்டு உருவகிப்புகளின் கேரக்டர் ஒன்றானால் அவை சமானமானவை. இந்தப் பாடத்தில் இதைவிட வியப்பான கூற்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கையாள எளிதான குணங்கள் சில. ஒன்றுக்கொன்று இணையான உறுப்புகளுக்கு, அதாவது ஓர் உறுப்பாலும் அதன் நேர்மாறாலும் இருபுறமும் பெருக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறக்கூடியவற்றுக்கு, கேரக்டர் ஒன்றே. எனவே இணைய வகுப்புக்கு ஒரு மதிப்பு போதும். சமனியின் மதிப்பு பரிமாணம். நேர்மாறின் மதிப்பு, உறுப்பின் மதிப்புக்கு இணைக் கலப்பெண். வரிசைமாற்ற உருவகிப்பில் கேரக்டர் என்பது அந்த உறுப்பு அசைக்காமல் விட்ட பொருட்களின் எண்ணிக்கை.

இப்போது சராசரி மறுபடி வருகிறது. உருவகிப்பின் எல்லா அணிகளையும் கூட்டிக் குலத்தின் வரிசையால் வகுங்கள். கிடைப்பது ஒரு வீழல். எல்லா உறுப்பும் அசைக்காமல் விடும் திசையன்களின் மேல் அது வீழ்கிறது. வீழலின் சுவடு, அது வீழும் வெளியின் பரிமாணம். ஆகவே கேரக்டர் மதிப்புகளின் சராசரி = அசையாத திசையன்களின் பரிமாணம் = அற்ப உருவகிப்பு எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை. வரிசைமாற்ற உருவகிப்பில் இது, அசையாப் பொருட்களின் சராசரி எண்ணிக்கை சுற்றுப்பாதைகளின் (குலம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தக்கூடிய பொருட்களின் தொகுதிகளின்) எண்ணிக்கைக்குச் சமம் என்ற எண்ணும் விதியாகிவிடும்.

மற்ற பகா உருவகிப்புகளை எண்ண, ஒரு படி மேலே போக வேண்டும். ஓர் உருவகிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் எல்லா நேரியல் கோப்புகளும் சேர்ந்ததும் ஒரு திசையன் வெளி. குலம் அதன் மேலும் செயல்படும். அங்கே அசையாதவைதான் குலத்தோடு பரிமாறும் கோப்புகள். அந்த வெளியின் கேரக்டர், முதலாவதின் இணைக் கலப்பெண்ணை இரண்டாவதால் பெருக்கியது. அதன் சராசரி, ஷூர் சொன்னபடி, பகா உருவகிப்புகளுக்கு 1 அல்லது 0: சமானமானால் 1, இல்லையென்றால் 0. இதுதான் செங்குத்துத் தொடர்பு. அந்தச் சராசரியை இரண்டு கேரக்டர்களின் உட்பெருக்கம் என்கிறோம்.

எஸ்3-இன் அட்டவணை, வகுப்புகளின் வரிசை சமனி, (1 2), (1 2 3):

வகுப்பின் அளவு: 1, 3, 2
அற்பம்: 1, 1, 1
குறி: 1, −1, 1
தளம்: 2, 0, −1

தளத்தைத் தன்னோடு பெருக்கிச் சராசரி எடுத்தால் (1×4 + 3×0 + 2×1) ÷ 6 = 1. சற்று முன் ஐகன் திசையன்களைத் துரத்தி நிறுவியதை ஒரு வரிக் கூட்டல் சொல்லிவிட்டது. பகா உருவகிப்புகளின் எண்ணிக்கை வகுப்புகளின் எண்ணிக்கைக்குச் சமம்; அவற்றின் பரிமாண வர்க்கங்களின் கூட்டல் குலத்தின் வரிசை: 1 + 1 + 4 = 6. எனவே பட்டியல் முழுமையானது.

வரலாற்றில் இந்தப் பாதை நேராக வரவில்லை. டெடெகிண்ட் கடிதங்களில் எழுப்பிய குல அணிக்கோவை பற்றிய கேள்வியிலிருந்து 1896-இல் ஃப்ரோபீனியஸ் கேரக்டர்களை உருவாக்கினார். அணிகளின் சுவடு என்ற விளக்கம் அதற்குப் பிறகே வந்தது. இன்று நாம் படிக்கும் எளிய வடிவம் பெரிதும் அவருடைய மாணவர் ஷூர் 1905-இல் தந்தது.

அமோனியாவில் அதே அட்டவணை

தமிழ்நாட்டில் முதுகலை வேதியியல் படிப்பவர்கள் இந்த அட்டவணையை வேறு பெயரில் அறிவார்கள். அமோனியா மூலக்கூறில் ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன். அதன் சமச்சீர்கள் 6: சமனி, 120, 240 பாகைச் சுழற்சிகள், மூன்று எதிரொளிப்புகள். ஹைட்ரஜன்களை மாற்றி வைப்பதைப் பார்த்தால் இது எஸ்3 தான். வேதியியலார் அற்பத்தை ஏ1, குறியை ஏ2, தளத்தை ஈ என்று எழுதுவார்கள்.

நான்கு அணுக்கள், ஒவ்வொன்றும் மூன்று திசையில் நகரலாம் என்பதால் 12 பரிமாண உருவகிப்பு. கேரக்டர் கணக்கிட, இடம் மாறாத அணுக்களை மட்டும் எண்ணினால் போதும். இடம் மாறிய அணு மூலைவிட்டத்தில் எதையும் சேர்க்காது. சமனியில் நான்கு அணுக்களும் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் 3: மொத்தம் 12. சுழற்சியில் நைட்ரஜன் மட்டும் நிற்கும். 120 பாகைச் சுழற்சியின் சுவடு 0. எதிரொளிப்பில் நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் 1: மொத்தம் 2. ஆக, கேரக்டர் 12, 2, 0.

ஏ1: (12 + 3×2 + 0) ÷ 6 = 3. ஏ2: (12 − 6) ÷ 6 = 1. ஈ: (24 + 0 + 0) ÷ 6 = 4. பரிமாணம் 3 + 1 + 8 = 12, சரி. இதில் மூலக்கூறு முழுதாக நகர்வது ஒரு ஏ1-உம் ஒரு ஈ-உம், முழுதாகச் சுழல்வது ஒரு ஏ2-உம் ஒரு ஈ-உம். கழித்தால் அதிர்வுகள்: இரண்டு ஏ1, இரண்டு ஈ. மொத்தம் 6 அதிர்வு முறைகள். விசை அணி (அணுக்களின் நகர்வை அவற்றை மீட்கும் விசைகளோடு இணைக்கும் அணி) குலத்தோடு பரிமாறுவதால் ஷூர் இங்கே வேலை செய்கிறார்: ஈ-இன் ஒவ்வொரு பிரதியிலும் இரண்டு அதிர்வுகளுக்கும் அதிர்வெண் ஒன்றாக இருந்தாக வேண்டும். எனவே 6 முறைகள், 4 அடிப்படை அதிர்வெண்கள். அளவிட்ட நிறமாலையிலும் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 950, 1630, 3340, 3440 என்ற நான்கு அலையெண்களே அடிப்படையாக நிற்கின்றன.

எஸ்4-இன் அட்டவணையைக் கையால் போடுவது

24 உறுப்புகள், 5 வகுப்புகள். சமனி 1, (1 2) வகை 6, (1 2)(3 4) வகை 3, (1 2 3) வகை 8, (1 2 3 4) வகை 6. எனவே 5 பகா உருவகிப்புகள்.

முதலில் 1 பரிமாணமானவற்றை எண்ணுங்கள்: குலத்தைப் பரிமாற்றி (காமுடேட்டர்) உட்குலத்தால் வகுத்தால் வரும் வரிசை, 24 ÷ 12 = 2. அவை அற்பமும் குறியும். மீதி மூன்றின் வர்க்கக் கூட்டல் 22, ஒவ்வொன்றும் 2-க்குக் குறையாதது. 4 + 9 + 9 தவிர வேறு வழியில்லை. பரிமாணங்கள் 1, 1, 2, 3, 3.

அடுத்து, நான்கு பொருட்களின் வரிசைமாற்ற உருவகிப்பு. அசையாதவற்றை எண்ணினால் 4, 2, 0, 1, 0. தன்னோடு உட்பெருக்கம் (16 + 6×4 + 0 + 8×1 + 0) ÷ 24 = 2; ஆகவே வெவ்வேறான இரண்டு பகா உருவகிப்புகளின் கூட்டல். அற்பத்தைக் கழித்தால் 3, 1, −1, 0, −1. இதன் உட்பெருக்கம் (9 + 6 + 3 + 0 + 6) ÷ 24 = 1. பகா. இதைக் குறியால் பெருக்கினால் 3, −1, −1, 0, 1. இதுவும் பகா, வேறானது. எஞ்சிய 2 பரிமாணமானதை நேரே கட்டத் தேவையில்லை. சமனியின் நிரலும் வேறெந்த நிரலும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதைப் பயன்படுத்துங்கள். (1 2)(3 4) நிரலில்: 1 + 1 + 2×(தெரியாதது) − 3 − 3 = 0, எனவே தெரியாதது 2. (1 2 3) நிரலில் −1; மற்ற இரண்டிலும் 0.

அற்பம்: 1, 1, 1, 1, 1
குறி: 1, −1, 1, 1, −1
இரண்டு பரிமாணம்: 2, 0, 2, −1, 0
மூன்று பரிமாணம்: 3, 1, −1, 0, −1
அதன் குறிப் பெருக்கம்: 3, −1, −1, 0, 1

மூன்றாம் வரியைப் பாருங்கள். (1 2)(3 4)-இல் மதிப்பு 2, அதாவது பரிமாணத்துக்கே சமம். சுவடு பரிமாணத்தை எட்டினால் அந்த அணி சமனியாகத்தான் இருக்க முடியும், ஏனெனில் ஐகன் மதிப்புகள் எல்லாம் ஒன்றின் மூலங்கள், இரண்டும் 1 ஆனால்தான் கூட்டல் 2 ஆகும். ஆகவே சமனியும் (1 2)(3 4) வகை மூன்றும் சேர்ந்த 4 உறுப்புகள் உட்கரு, அதாவது ஒரு நேர்மை உட்குலம். அதனால் வகுத்தால் 6 உறுப்புக் குலம் மிஞ்சும், அது எஸ்3. வரியில் மீதி எண்கள் 2, 0, −1: நாம் முதலில் கணக்கிட்ட தளம் இங்கே திரும்பி வந்து நிற்கிறது. ஒரு குலத்தின் நேர்மை உட்குலங்கள் அனைத்தையும் இப்படி அட்டவணையிலிருந்தே படித்துவிடலாம். பர்ன்சைட் 1904-இல், வரிசையை இரண்டு பகா எண்களுக்கு மேல் வகுக்காத குலம் எல்லாம் தீர்வுடைய குலம் (படிப்படியாக எபீலியன் குலங்களாகப் பிரிக்கக்கூடியது) என்று கேரக்டர்களால் நிறுவினார். கேரக்டர் இல்லாமல் அதை நிறுவ 1970-களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கையால் போடும்போது வரும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. வகுப்பின் அளவால் பெருக்க மறப்பது முதலாவது: அற்பத்தையும் குறியையும் அளவில்லாமல் பெருக்கினால் 1 − 1 + 1 + 1 − 1 = 1 வந்து செங்குத்தே இல்லை என்று தோன்றும்; அளவோடு 1 − 6 + 3 + 8 − 6 = 0. நிரல்களைப் பெருக்கும்போது மட்டும் இந்த அளவு கூடாது என்பது குழப்பத்துக்குக் காரணம். நிரலின் வர்க்கங்களைக் கூட்டினால் குலத்தின் வரிசையை வகுப்பின் அளவால் வகுத்தது வர வேண்டும்: (1 2 3) நிரலில் 1 + 1 + 1 = 3 = 24 ÷ 8. ஒவ்வொரு நிரலுக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அட்டவணையை மூடாதீர்கள். மற்றொன்று, இணைக் கலப்பெண்ணை மறப்பது. எஸ்3, எஸ்4 இரண்டிலும் மதிப்புகள் முழு எண்கள் என்பதால் தண்டனை கிடைக்காது; 3 உறுப்புச் சுழல் குலத்துக்கு வந்தவுடன் எல்லாம் தவறிவிடும். மூன்றாவது, கழித்துப் பெற்ற சார்பின் உட்பெருக்கம் 1 என்றதும் அது பகா கேரக்டர் என்று முடிவு கட்டுவது. சமனியில் அதன் மதிப்பு நேர் எண்ணா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது ஒரு கேரக்டரின் எதிர்க்குறி.

அட்டவணை சொல்லாதது

கேரக்டர் அட்டவணை ஒன்றானால் குலமும் ஒன்றா? இல்லை. சதுரத்தின் 8 சமச்சீர்கள் ஒரு குலம். ±1, ±ஐ, ±ஜே, ±கே சேர்ந்த குவாட்டர்னியன் குலம் இன்னொன்று. இரண்டிலும் வகுப்பின் அளவுகள் 1, 1, 2, 2, 2. பரிமாணங்கள் 1, 1, 1, 1, 2. அட்டவணைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. 2 பரிமாணக் கேரக்டர் இரண்டிலும் 2, −2, 0, 0, 0. ஆனால் குலங்கள் வேறு: சதுரத்தில் வரிசை 2 உள்ள (சமனி அல்லாத, ஆனால் தன்னோடு பெருக்கினால் சமனி ஆகும்) உறுப்புகள் ஐந்து, குவாட்டர்னியனில் −1 மட்டுமே.

இங்கேயும் சராசரிதான் பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வோர் உறுப்பையும் முதலில் வர்க்கம் செய்து, பிறகு 2 பரிமாணக் கேரக்டரின் மதிப்பை எடுத்துச் சராசரி காணுங்கள். சதுரத்தில் 6 உறுப்புகளின் வர்க்கம் சமனி. 90, 270 பாகைச் சுழற்சிகளின் வர்க்கம் 180 பாகைச் சுழற்சி, அதன் மதிப்பு −2. எனவே (6×2 − 2×2) ÷ 8 = 1. குவாட்டர்னியனில் ±1 இரண்டின் வர்க்கம் 1, மற்ற ஆறின் வர்க்கம் −1: (2×2 − 6×2) ÷ 8 = −1. ஃப்ரோபீனியஸும் ஷூரும் கண்ட இந்த எண் பகா கேரக்டருக்கு 1, 0, −1 என்ற மூன்றில் ஒன்றாகவே வரும். 1 என்றால் அந்த உருவகிப்பை மெய்யெண் அணிகளால் எழுதலாம். 0 என்றால் கேரக்டரே எங்கோ மெய்யெண் அல்லாத மதிப்பை எடுக்கிறது. −1 வந்தால், கேரக்டர் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்களாகவே இருந்தும், எந்த அடுக்களத்தைத் தேர்ந்தாலும் அணிகளுக்குள் கலப்பெண் வந்தே தீரும். குவாட்டர்னியன் குலத்தின் 2 பரிமாண அணிகளை மெய்யெண்களால் மட்டும் எழுத முயன்று பாருங்கள்: வர்க்கம் −1 ஆகும் முதல் அணி தடையில்லாமல் கிடைக்கும். அதே போல் வர்க்கம் −1 ஆகி, முதலாவதோடு பரிமாறும்போது குறியும் மாற வேண்டிய இரண்டாவது அணியை எழுத உட்காரும்போதுதான் வழி அடைபடும்.